குப்பை வண்டி நாளைக்கு வருமா? ஒரு ப்ராஜெக்ட்டுக்கு இந்த ஒரு கேள்வி போதும்!



ஏழாவது செமஸ்டர் வந்தாச்சு. வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பில் காலையிலிருந்து ஒரே கேள்விதான் சுத்துது: "டைட்டில் என்ன மச்சான்?" யாரைக் கேட்டாலும் பதில் 'ஸ்மார்ட்' என்ற சொல்லில் ஆரம்பிக்கும். ஸ்மார்ட் பார்க்கிங், ஸ்மார்ட் இரிகேஷன், அப்புறம் நம்ம எல்லாருக்கும் பழக்கமான ஸ்மார்ட் டஸ்ட்பின்.

நானும் அந்த டஸ்ட்பின்னைச் செஞ்சவன்தான். மூணாம் வருஷ மினி ப்ராஜெக்ட். ஒரு பிளாஸ்டிக் தொட்டி, மூடியில் அல்ட்ராசோனிக் சென்சார், ஒரு சர்வோ மோட்டார், ஒரு வைஃபை போர்டு. கையை நீட்டினா மூடி திறக்கும், தொட்டி நிரம்பினா போனுக்கு மெசேஜ் வரும். டெமோ அன்னைக்கு எல்லாம் அழகா வேலை செஞ்சது. எக்ஸாமினர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "தொட்டி நிறைஞ்சுடுச்சுன்னு உனக்குத் தெரிஞ்சுடுச்சு. சரி, அதை எடுக்குற வண்டி எப்போ வரும்னு உன் சிஸ்டத்துக்குத் தெரியுமா?"

தெரியாது. அந்தக் கேள்வியை நாங்க யோசிக்கவே இல்ல. மார்க் வந்துடுச்சு, தொட்டி லேப் அலமாரி மேல ஏறிடுச்சு. அதுக்குப் பக்கத்துல சீனியர் பேட்ச் செஞ்ச தொட்டி ஏற்கெனவே உட்கார்ந்திருந்தது. இப்போ ஜூனியர்ஸ் மூணாவதைச் செய்யுறாங்க!

அந்த எக்ஸாமினரோட கேள்விக்கு மட்டும் பதில் சொல்ற ஒரு சின்ன மென்பொருளைப் போன மாசம் தற்செயலா பார்த்தேன். அதைப் பத்தித்தான் இந்தக் கட்டுரை. நான் சொல்ல வர்றது ஒண்ணே ஒண்ணு: பெரிய ப்ராஜெக்ட்டைப் பாதியில விடறதை விட, ஒரு சின்ன லைப்ரரியை முழுசா முடிக்கிறது நல்ல இன்ஜினியரிங். ஒத்துக்க மாட்டீங்களா? கடைசி வரைக்கும் படிச்சுட்டுச் சண்டைக்கு வாங்க.

ஏஐ-ன்னு ஆரம்பிக்குது, ஆனா அந்த ஏஐ இல்ல

அந்த லைப்ரரியோட பேர் ஏஐஓ-ரீகலெக்ட். பேரைப் பார்த்ததும் நானும் செயற்கை நுண்ணறிவுன்னுதான் நினைச்சேன். இல்ல. முன்னாடி நிக்குற அந்த மூணு எழுத்து அசின்க்ரனஸ் இன்புட்-அவுட்புட் என்பதன் சுருக்கம். பைதான் உலகத்துல இந்த வகை லைப்ரரிகளுக்கு இப்படிப் பேர் வைக்கிறது வழக்கம். ('அசிங்க்'-ன்னு எழுதிப் பார்த்தேன், பார்க்கவே அசிங்கமா இருந்தது. அதனால இந்தக் கட்டுரை முழுக்க 'அசின்க்'.)

பேரோட பின்பாதி, ரீகலெக்ட், ஒரு சேவையோட பேர். வட அமெரிக்காவுல பல நகராட்சிகள் இதைப் பயன்படுத்துறாங்க. உங்க முகவரியைக் கொடுத்தா, உங்க வீட்டுக்கு எந்தத் தேதியில குப்பை எடுப்பாங்க, எந்தத் தேதியில மறுசுழற்சிப் பொருள் எடுப்பாங்க, எந்தத் தேதியில உணவுக் கழிவு எடுப்பாங்கன்னு காலண்டர் காட்டும். அதையே ஒரு புரோகிராம் கேட்டுத் தெரிஞ்சுக்க வழி செய்யுறதுதான் இந்த லைப்ரரி. அவ்வளவுதான் அதோட வேலை. ரெண்டு அடையாள எண்களைக் கொடுக்கணும்: ஒண்ணு இடத்துக்கு, ஒண்ணு சேவைக்கு. பதிலா, வரப்போற தேதிகளும், அந்தந்தத் தேதியில எந்தெந்த வகைக் கழிவை எடுப்பாங்க என்பதும், பகுதியோட பேரும் கிடைக்கும். அடுத்த தேதி மட்டும் போதும்னா அதுக்கும் தனியா ஒரு ஃபங்ஷன் இருக்கு.

அந்த ரெண்டு எண்களும் எங்கே கிடைக்கும்? இங்கேதான் எனக்கு ஒரு சின்ன சந்தோஷம். நகராட்சிகள் இந்தக் காலண்டரை நம்ம போன் காலண்டர்ல சேர்த்துக்க ஒரு சந்தா இணைப்பு கொடுக்கும். அந்த இணைப்போட முகவரியை உத்துப் பார்த்தா, இட எண்ணும் சேவை எண்ணும் அதுக்குள்ளேயே இருக்கும். லைப்ரரியோட விளக்கக் குறிப்பு அதைத்தான் பார்க்கச் சொல்லுது. கண்ணு முன்னாடி இருக்குறதைக் கவனிச்சுப் படிச்சா அங்கே ஒரு வழி இருக்கு.

இதுக்கு ஒரு லைப்ரரியா?

"செவ்வாய்க்கிழமை குப்பை வண்டி வரும். இதைக் கேட்க ஒரு புரோகிராம் வேணுமா?" – நியாயமான சந்தேகம். இதுக்குப் பதில் கனடாவோட வான்கூவர் நகரத்துல இருக்கு. ரீகலெக்ட் பிறந்ததும் அங்கேதான்.

நம்ம ஊர்ல பல தெருவுல வண்டி பாட்டு போட்டுக்கிட்டே வரும். சத்தம் கேட்டு ஓடினா போதும். வான்கூவர்ல அப்படி இல்ல. குப்பை எடுக்குற நாள் காலையிலேயே தொட்டியைத் தெருவோரம் வெச்சிருக்கணும், வண்டி வந்து எடுத்துட்டுப் போயிடும். ஆனா அந்த நாள் எப்பவும் ஒரே கிழமையா இருக்காது. அரசு விடுமுறை ஒண்ணு வந்தா, அதுக்கப்புறம் அந்தப் பகுதியோட கிழமை ஒரு நாள் தள்ளிப்போகும். அடுத்த விடுமுறை வந்தா இன்னொரு நாள். வருஷம் முழுக்க இப்படியே நகரும். உணவுக் கழிவுக்கான பச்சைத் தொட்டியை வாரா வாரம் எடுக்குறாங்க. மத்த குப்பைத் தொட்டியை ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவைதான். ஒரு நாளைத் தப்பவிட்டா, அடுத்த ரெண்டு வாரம் அந்தக் குப்பையோடதான் குடித்தனம்.

2009-ஆம் ஆண்டு மே மாதம் வான்கூவர் மாநகர மன்றம், நகரத்தின் தரவுகளைப் பொதுமக்கள் எடுத்துப் பயன்படுத்தும் வகையில் திறந்து வைக்க வேண்டும் என்று தீர்மானம் நிறைவேற்றியது. அதற்குப் பிறகு அங்கிருந்த சில ஆர்வலர்கள் குப்பை எடுக்கும் பகுதிகளின் வரைபடத்தையும் நாட்களையும் வைத்து 'வான்ட்ராஷ்' என்ற சின்ன சேவையைத் தன்னார்வமாக உருவாக்கினார்கள். அது செய்தது ஒரே ஒரு வேலை: நாளைக்கு உங்க தெருவில் குப்பை எடுப்பார்கள் என்று முன்கூட்டியே நினைவூட்டுவது. அதுதான் பின்னாளில் ரீகலெக்ட் என்ற நிறுவனமாக வளர்ந்தது.

கவனிச்சீங்களா? சென்சார் இல்ல, மோட்டார் இல்ல, நியூரல் நெட்வொர்க் இல்ல. 'நாளைக்கு வண்டி வருமா?' என்ற கேள்விக்கு நம்பகமான பதில், சரியான நேரத்துல. அதுக்கே நகராட்சிகள் காசு கொடுக்குறாங்க. எங்க ஸ்மார்ட் டஸ்ட்பின்னுக்கு எங்க அம்மாகூட காசு கொடுத்திருக்க மாட்டாங்க.

சரி, அது ஏன் அசின்க்?

இப்போ தொழில்நுட்ப விஷயத்துக்கு வருவோம். நம்ம சிலபஸ்ல பைதான் இருக்கு, ஆனா அசின்க் பக்கம் யாரும் கூட்டிட்டுப் போறது இல்ல. அதனால ஒரு டீக்கடைக்குப் போவோம்.

கடையில ஒரே ஒரு மாஸ்டர். பாலை அடுப்புல வெச்சுட்டு, அது பொங்குற வரைக்கும் அதையே முறைச்சுப் பார்த்துக்கிட்டு நிக்குறார்னு வைங்க. வந்தவங்க எல்லாம் காத்திருக்கணும், "ஒரு வடை" என்று கேட்டாக்கூடப் பதில் வராது. இதுதான் வழக்கமான, ஒன்றன்பின் ஒன்றாக ஓடும் புரோகிராம். ஒரு சர்வர்கிட்ட கேள்வி கேட்டுட்டு, பதில் வர்ற வரைக்கும் வேற எதையும் தொடாது.

நிஜ மாஸ்டர் அப்படியா? பாலை வெச்சுட்டு வடை எடுத்துக் கொடுப்பார், காசு வாங்குவார், கிளாஸ் கழுவுவார். பால் பொங்கும்போது சரியா அங்கே வந்து நிப்பார். ஆள் ஒருத்தர்தான், ரெண்டாவது ஆளை வேலைக்கு எடுக்கல. பாலும் சீக்கிரமா பொங்கல. காத்திருக்குற நேரம் மட்டும் வீணாகல. அசின்க் என்பது இதுதான். அந்த மாஸ்டரோட மண்டைக்குள்ள ஓடுற 'எது தயார், அடுத்து எதைத் தொடணும்' என்ற கணக்குக்குப் பேர் ஈவென்ட் லூப். 'இங்கே காத்திருக்கப் போறேன், அதுவரைக்கும் வேற வேலையைப் பாரு'ன்னு புரோகிராம் சொல்ற இடத்துக்குப் பேர் அவெய்ட்.

பைதான்ல இதுக்கான அடிப்படை லைப்ரரி 2014-இல் 3.4 பதிப்போடு வந்தது. இப்போ நாம எழுதுற அசின்க், அவெய்ட் என்ற சொற்கள் 2015-இல் 3.5 பதிப்பில் மொழிக்குள்ளேயே வந்தன. அதாவது நாம ஏழாவது எட்டாவது படிக்கும்போதே இருந்த விஷயம் இது, புதுசு ஒண்ணும் இல்ல.

இங்கே நீங்க என்னை மடக்கலாம். "குப்பைத் தேதியை ஒரு நாளைக்கு ஒரு தடவை கேட்டா போதும். அந்த ஒரே ஒரு கேள்விக்கு எதுக்கு அசின்க்? சாதாரணமா கேட்டுட்டுப் போகலாமே?"

நல்ல கேள்வி. நீங்க தனியா ஒரு ஸ்கிரிப்ட் எழுதி, காலையில ஒரு தடவை ஓட விட்டு நிறுத்துறதா இருந்தா, அசின்க் தேவையே இல்ல. யாராவது 'அசின்க்னா வேகம்'னு சொன்னா நம்பாதீங்க. ஒரே ஒரு கேள்வியைக் கேட்க ரெண்டு முறையிலும் ஒரே நேரம்தான் ஆகும்.

ஆனா இந்த லைப்ரரி தனியா ஓடுறதுக்காக எழுதப்பட்டது இல்ல. ஹோம் அசிஸ்டன்ட் என்று ஒரு திறந்த மூல மென்பொருள் இருக்கு. 2013-இல் ஆரம்பிச்சது. வீட்டு விளக்கு, ஃபேன், கேமரா, வெப்பநிலை எல்லாத்தையும் ஒரே இடத்துல இணைக்கும். ஒரு சின்ன ராஸ்பெர்ரி பை போர்டுலயே ஓடும். அதோட மையம் ஒரு ஈவென்ட் லூப். வீட்டுல இருக்குற அத்தனை சாதனங்களுக்கும் அந்த ஒரே மாஸ்டர். குப்பைத் தேதியைக் கேட்கப் போன ஒரு துண்டு நிரல், பதில் வர்ற வரைக்கும் அந்த லூப்பையே பிடிச்சு வெச்சுக்கிட்டா என்ன ஆகும்? நீங்க சுவிட்சைத் தட்டுவீங்க, விளக்கு எரியாது. காரணம், எங்கேயோ ஒரு சர்வர் குப்பைத் தேதியைத் தேடிக்கிட்டிருக்கும்!

அதனால இங்கே அசின்க் என்பது வேகத்துக்காக இல்ல, மரியாதைக்காக. பஸ்ல பக்கத்து சீட்டுக்காரருக்கு இடம் விட்டு உட்காருற மாதிரி. 'நான் காத்திருக்கேன், நீங்க உங்க வேலையைப் பாருங்க' என்று சொல்லத் தெரிஞ்ச நிரல்தான் மத்தவங்களோட சேர்ந்து வாழ முடியும்.

எங்க பாட் படுத்த கதை

இதைப் படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டதை விட, அடிபட்டுத் தெரிஞ்சுக்கிட்டதுதான் அதிகம். போன வருஷம் எங்க டிபார்ட்மென்ட் சிம்போசியத்துக்கு டெலிகிராம்ல ஒரு பதிவு பாட் எழுதினேன். பேர், கல்லூரி, எந்த ஈவென்ட் என்று கேட்டு ஒரு ஆன்லைன் ஷீட்ல எழுதும். என் போன்ல டெஸ்ட் பண்ணினேன், பிரமாதம். நண்பன் போன்ல டெஸ்ட் பண்ணினேன், அதுவும் பிரமாதம்.

பதிவு தொடங்கிடுச்சுன்னு அறிவிச்ச அஞ்சாவது நிமிஷம் பாட் படுத்துடுச்சு. யாருக்கும் பதில் போகல. பதில் வரலைன்னு எல்லாரும் மறுபடி மறுபடி அனுப்பினாங்க. ஒரே ஆள் மூணு தடவை பதிவாகி, டீம் லிஸ்ட் மொத்தமா குழம்பி, அன்னைக்கு ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் நானும் ரெண்டு ஜூனியர்ஸும் கையால சரி பண்ணினோம்.

தப்பு என்ன? என் ஃபங்ஷன் எல்லாத்துக்கும் முன்னாடி அசின்க் என்று எழுதியிருந்தேன். ஆனா ஷீட்ல எழுதுறதுக்கு உள்ளே கூப்பிட்டது சாதாரண, காத்திருந்து முடிக்கிற லைப்ரரி. ஒரு தடவை எழுத ரெண்டு செகண்ட். நாப்பது பேர் ஒரே நேரத்துல வந்தா, கடைசி ஆளுக்கு எண்பது செகண்ட். போர்டுல 'அதிவேக டீக்கடை'ன்னு எழுதிட்டு, உள்ளே மாஸ்டரைப் பாலை முறைக்க விட்ட கதை.

இதுதான் பாடம்: அசின்க் என்று பேர் வெச்சா அசின்க் ஆகாது. கீழே, அடி வரைக்கும் எல்லாப் படியும் அப்படி இருக்கணும். நடுவுல ஒரு படி அடைச்சுக்கிட்டு நின்னாலும் மேல உள்ள அத்தனையும் நிக்கும். அதனாலதான் யாரோ ஒருத்தர் உட்கார்ந்து, குப்பைத் தேதி மாதிரி ஒரு சின்ன விஷயத்துக்குக்கூட அடியிலிருந்து அசின்க்கா ஒரு லைப்ரரி எழுதிக் கொடுத்தது பெரிய உதவி. மேல கட்டுறவங்க யாரும் என்னை மாதிரி ராத்திரி ரெண்டு மணிக்கு உட்கார வேண்டியது இல்ல.

சின்னதுன்னா சுலபம்னு அர்த்தம் இல்ல

"ரெண்டு எண்ணைக் கொடுத்தா தேதி வரும், இதுல என்ன இருக்கு? ஒரு சாயங்காலம் உட்கார்ந்தா முடிச்சிடலாம்" என்று என் ரூம்மேட் சொன்னான். முதல் முறை தேதி வர வைக்க ஒரு சாயங்காலம் போதும்தான். ஆனா அதை அடுத்தவங்க நம்பிப் பயன்படுத்தணும்னா? எண்ணிப் பாருங்க.

முதல்ல, சர்வர் பதில் சொல்லலைன்னா என்ன செய்யணும்? இட எண் தப்பா இருந்தா? வரப்போற தேதி எதுவுமே இல்லைன்னா? எல்லாத்துக்கும் ஒரே 'எரர்' என்று சொன்னா மேல உள்ள புரோகிராம் குழம்பும். நெட் இல்லைன்னா கொஞ்ச நேரம் கழிச்சு மறுபடி கேட்கலாம். எண்ணே தப்புன்னா ஆயிரம் தடவை கேட்டும் பிரயோஜனம் இல்ல. ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியணும்.

ரெண்டாவது, 'இன்னைக்கு' என்றால் எந்த இன்னைக்கு? நம்ம லேப்டாப்ல ஒரே நேரம்தான், யோசிக்கவே மாட்டோம். ஆனா வான்கூவர் நேரம் கோடையில உலகப் பொது நேரத்துக்கு ஏழு மணி நேரம் பின்னாடி. பொது நேரத்துல ஓடுற ஒரு கம்ப்யூட்டருக்கு, அங்கே கோடையில சாயங்காலம் அஞ்சு மணி ஆகும்போதே மறுநாள் பிறந்துடும். 'நாளைக்குக் குப்பை நாள்' என்று சொல்ல வேண்டிய அதே சாயங்காலம் 'இன்னைக்குக் குப்பை நாள்' என்று சொல்லிடும். வீட்டுக்காரர் 'அடடா, வண்டி போயிடுச்சே'ன்னு தொட்டியை உள்ளேயே வெச்சுடுவார். ஒரு நாள் கணக்கு பிசகினா ரெண்டு வாரக் குப்பை!

மூணாவது, இணைப்பு. ஒவ்வொரு தடவையும் புதுசா இணைப்பு திறந்து மூடுறது ஒரு வழி. மேல உள்ள புரோகிராம் ஏற்கெனவே திறந்து வெச்சிருக்குற இணைப்புகளை வாங்கிப் பயன்படுத்துறது இன்னொரு வழி. ஏஐஓ-ரீகலெக்ட் ரெண்டுக்கும் இடம் கொடுக்குது. ஒண்ணும் கொடுக்கலைன்னா தானே திறந்துக்கும், கொடுத்தா அதையே பயன்படுத்திக்கும். சின்ன விஷயம்தான், ஆனா எழுதினவர் தன்னை மட்டும் நினைக்காம, தன் லைப்ரரியைக் கூப்பிடப் போறவரையும் நினைச்சிருக்கார் என்று தெரியுது.

நாலாவது, டெஸ்ட். அஞ்சாவது, யாருக்கும் புரியுற மாதிரி ஒரு விளக்கக் குறிப்பு. ஆறாவது, பதிப்பு எண். நாளைக்கு நீங்க ஒரு ஃபங்ஷனோட பேரை மாத்தினா, நேத்து வரைக்கும் ஓடினவங்க நிரல் உடையக் கூடாது. ஏழாவது, உரிமம். உரிமம் எழுதாத நிரலை இன்னொருத்தர் சட்டப்படி எடுத்துப் பயன்படுத்த முடியாது. நம்ம கிட்ஹப் கணக்குகள்ல எத்தனை ரெப்போவுக்கு உரிமக் கோப்பு இருக்கு? என்னோடதுல போன மாசம் வரைக்கும் ஒண்ணுக்கும் இல்ல.

இந்த ஏழும் எந்த மினி ப்ராஜெக்ட் ரிவ்யூவிலும் யாரும் கேட்கல. ஆனா வேலைக்குப் போன சீனியர்ஸைக் கேட்டுப் பாருங்க, தினமும் இதைத்தான் செய்யுறாங்க.

இன்னொரு விஷயமும் எனக்குப் பிடிச்சிருந்தது. ஹோம் அசிஸ்டன்ட்ல ஒரு விதி இருக்கு: ஒரு சேவையோட பேசுற நிரலை நேரா அதுக்குள்ள எழுதக் கூடாது, தனி லைப்ரரியா எழுதி, பைதான் தொகுப்புக் களஞ்சியத்துல போட்டு, அங்கிருந்து கூப்பிடணும். முதல்ல இது வீண் வேலையா தோணுச்சு. யோசிச்சா, இதனாலதான் நானும் நீங்களும் ஹோம் அசிஸ்டன்ட் பக்கமே போகாம அந்த லைப்ரரியை மட்டும் எடுத்து நம்ம பாட்ல போட முடியும். பிரிச்சு வெச்சா பத்து பேருக்குப் பயன்படும், ஒட்டி வெச்சா ஒருத்தருக்குத்தான்.

குறையும் இருக்கு, மறைக்கல

இதையெல்லாம் சொல்லிட்டு, இந்த மாதிரி லைப்ரரி ஒரு அற்புதம்னு நான் சொல்லப் போறது இல்ல. இது இன்னொருத்தர் வீட்டுச் சுவத்துல சாய்ச்சு வெச்ச ஏணி. அந்தச் சேவை நாளைக்குத் தன் பதிலோட வடிவத்தை மாத்தினா, இது உடையும். சேவையை மூடினா, இதுக்கு வேலையே இல்ல. நகராட்சி தேதியைத் தப்பா ஏத்தியிருந்தா, இது அந்தத் தப்பை அழகா, அசின்க்கா, வேகமா கொண்டு வந்து கொடுக்கும்.

முக்கியமா, அட்டவணை வேற, வண்டி வேற. அட்டவணைப்படி நாளைக்கு வரணும் என்பதுதான் இதுக்குத் தெரியும். பனியில மாட்டி வண்டி வரலைன்னா தெரியாது. காலண்டர்ல ஒரு தேதி சும்மா உட்கார்ந்திருக்கலாம், ஆனா அந்தத் தேதிக்குக் காலையில எழுந்து வந்து தொட்டியைத் தூக்குறது ஒரு மனுஷர். நம்ம நிரல் அவரோட வேலையைச் செய்யல. சரியான நாள்ல, சரியான தொட்டி, சரியான பொருளோட வெளியே இருந்தா, அவர் வேலை கொஞ்சம் எளிதாகும், அவ்வளவுதான். எங்க ஸ்மார்ட் டஸ்ட்பின் ரிப்போர்ட்ல 'கழிவு மேலாண்மைக்கு முழுமையான தீர்வு' என்று எழுதியிருந்தோம். இப்போ அந்த வரியைப் படிச்சா கூச்சமா இருக்கு.

தன்னால என்ன முடியும், என்ன முடியாது என்று தெரிஞ்ச மென்பொருள் எனக்கு ரொம்பப் பிடிக்குது. 'முழுமையான தீர்வு' என்று சொல்ற மென்பொருளைப் பார்த்தா இப்போ பயமா இருக்கு.

அப்போ நாம என்ன செய்யணும்?

டைட்டில் தேடுற நண்பர்களுக்கு என் கருத்து இது.

தொழில்நுட்பத்தைத் தேடி ஆரம்பிக்காதீங்க, ஒரு கேள்வியைத் தேடி ஆரம்பிங்க. அந்தக் கேள்வி ஒரே வரியில இருக்கணும், யாராவது நிஜமா தினமும் கேட்குறதா இருக்கணும். 'நாளைக்குக் குப்பை வண்டி வருமா?' மாதிரி. நம்ம கல்லூரியிலேயே எத்தனை இருக்கு! இந்த மணி நேரம் எந்த லேப் காலியா இருக்கு? கடைசி பஸ் எத்தனை மணிக்கு? நூலகத்துல அந்தப் புத்தகம் திரும்பி வந்துடுச்சா? இதுக்கெல்லாம் பதில் எங்கேயோ ஒரு பிடிஎஃப்-லயோ, நோட்டீஸ் போர்டுலயோ, ஒரு அண்ணனோட மண்டையிலயோ இருக்கு. அதை ஒரு புரோகிராம் கேட்டா பதில் சொல்ற மாதிரி மாத்துங்க. தரவு யாருடையதோ அவங்ககிட்ட அனுமதி கேட்டுட்டு மாத்துங்க.

அதை ஒரு லைப்ரரியா எழுதுங்க, ஆப்பா இல்ல. ஆப் எழுதினா உங்க ஆப் மட்டும்தான் இருக்கும். லைப்ரரி எழுதினா உங்க ஜூனியர் அது மேல பாட் எழுதுவான், இன்னொருத்தி டிஸ்ப்ளே போர்டு செய்வாள், யாரோ முகம் தெரியாத ஒருத்தர் எதையோ செய்வார். மேல சொன்ன ஏழையும் ஒண்ணு விடாம செஞ்சு முடிங்க. கூப்பிடப் போறவர் ஈவென்ட் லூப்ல இருப்பாரா என்று யோசிங்க. இருப்பார்னா அடி வரைக்கும் அசின்க்கா எழுதுங்க. இல்லைன்னா சாதாரணமா எழுதுங்க, வெட்கப்பட ஒண்ணும் இல்ல.

கடைசியா, கல்லூரியை விட்டுப் போகும்போது ரெப்போவோட சாவியை ஒரு ஜூனியர் கையில கொடுத்துட்டுப் போங்க. அலமாரியில மூணாவது தொட்டி வேண்டாம்.

ரிவ்யூ பேனல்ல இருக்குற ஆசிரியர்களும் இந்த இதழைப் படிக்கிறீங்கன்னு தெரியும். உங்களுக்கும் ஒரு வேண்டுகோள். "இவ்வளவு சின்னதா? இதுல நாவல்ட்டி எங்கே?" என்று ஆரம்பத்துலேயே கேட்டுடாதீங்க. "இதை உன்னைத் தவிர வேற யாராவது பயன்படுத்துறாங்களா?" என்று கேளுங்க. அந்தக் கேள்விக்கு 'ஆமா சார், ரெண்டு பேர்' என்று சொல்ற மாணவன், டெமோ அன்னைக்கு மட்டும் திறக்குற மூடியைச் செஞ்சவனை விட அதிகமா கத்துக்கிட்டிருக்கான். டஸ்ட்பின் செஞ்சவன்ற முறையில நான் சாட்சி சொல்றேன்.

"அப்போ உன் ஃபைனல் இயர் டைட்டில் என்ன?" என்று கேட்பீங்க, தெரியும். எங்க ஊருக்குப் போற கடைசி மூணு பஸ்ஸோட நேரம். ஸ்மார்ட் எதுவும் இல்ல. முதல் ரிவ்யூவுல என்ன சொல்வாங்கன்னு பார்ப்போம். உரிமக் கோப்பு மட்டும் முதல் நாளே போட்டுட்டேன்.

சண்டைக்கு வர்றவங்க வரலாம். கேன்டீன்ல, டீ மாஸ்டர் பக்கத்து டேபிள். அவர் வேலை செய்யுறதைப் பார்த்துக்கிட்டே பேசலாம்.